சீட்டுக் காசு பதினாறாயிரத்து நானூறு

பதினெட்டாயிரம் சீட்டைத்
தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது
பதினாறாயிரத்து நானூறு.
நோட்டை எண்ணும்போதே
வீட்டிலிருக்கிற ஒவ்வொன்றும் முனகத் தொடங்கியது.

மிக்சி, தேங்காயைக் கண்டால் புகைகிறது.
காற்றாடி, சுற்றலாமா வேண்டாமா என்று
யோசித்து யோசித்துச் சுற்றுகிறது.
நான் பாசி எடுக்கப் போகும் நாட்களில்
பிளாவியா பாடம் பார்க்கும் என் போனில்
கீறலுக்கு இந்தப் பக்கம் தொட்டால்
அந்தப் பக்கம் எதுவோ திறக்கிறது.
பாம்பன் தெற்குவாடியில்
இரும்பை மட்டும் தின்றுவிட்டு
நிறுத்திக்கொள்கிற உப்பா இது?

இவர் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.
வல்லத்தை விட்டு இறங்கியதும்
ஜி.பி.எஸ். பெட்டியை
அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்.
இது நாலாவது தடவை.
மறுநாள் அந்த அரிசியைத்தான் பொங்கினேன்.
'திசை தெரிஞ்ச சோறு' என்றான் ரெக்ஸன்.

அரண்மனைத் தெருவுக்கு நான் மட்டும் போனேன்,
மடியில் மிக்சி, பையில் பெட்டி.
பழைய ஜி.பி.எஸ்.தான், ஆனால் புதுசு மாதிரி: ஒன்பதாயிரத்து ஐநூறு.
மோட்டாருக்குக் கம்பி சுற்ற அறுநூற்று ஐம்பது.
காற்றாடிக்குக் கண்டென்சர் அறுபது
(ஐம்பதுக்குக் கேட்டேன், சிரித்தார்கள்).
யாரோ ஆறு மாதம் பேசிய போன்
ஆறாயிரம்.
பஸ்ஸுக்கு நூறு தனியாக முடிந்துகொண்டேன்.
மீந்த தொண்ணூறையும்
கண்ணாடி ஒட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டான்.

பில்லில் கித்தேரியான் என்று எழுதச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால்
கடைத் தம்பி பழைய பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறான்.
'கேபிள் சொருகுற வாயில களிம்பு ஏறிடுச்சுக்கா.
இதுல இருக்குறது அதுக்கு வராது.'
'எது வராது?'
'பாயிண்டு.'

பத்து வருடக் கடல்
களிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

அன்று இரவு
பிளாவியாவின் வேதியியல் நோட்டைப் பின்னாலிருந்து திறந்தோம்.
வெளிச்சம் மங்க மங்க நான் பெட்டியைத் தட்டுவது,
ரெக்ஸன் வாசிப்பது, அவள் எழுதுவது,
இவர் கண்ணை மூடிக்கொண்டு
அது எது என்று சொல்வது.
கல்லு ஒன்று. கல்லு இரண்டு.
ஊளி. நகரை.
வலை கிழிஞ்சது.
திரும்பவும் வலை கிழிஞ்சது.
மச்சான் சண்டை.

அறுபத்திரண்டில் கையை நீட்டினார்:
'அதை எழுதாத.'
'ஏன்ப்பா?'
'கோட்டுக்கு அந்தப் பக்கம்.'
காற்றாடி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து அவரே,
'எழுது. பேரு மட்டும் போடாத.'

நூறு தாண்டியிருக்கும்.
ரெக்ஸன் வாசிப்பதை நிறுத்தினான்.
'இதுல என் பேரு போட்டிருக்கு.
இங்க என்னப்பா மீனு?'

'மீனில்ல. அங்க டவர் கிடைக்கும்.'

சொல்லிவிட்டுப் பெருவிரல் நகத்தில் உப்பைச் சுரண்டினார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கச்சான் மாதம்.
பெரியாஸ்பத்திரியிலிருந்து நாத்தனார் கூப்பிட்டுச் சொன்னபோது
'சரி' என்று ஒற்றைச் சொல்லோடு
போனை வைத்த மனுசன் என்று
எத்தனை சண்டையில் இழுத்திருப்பேன்.
வைக்கவில்லை போல. அறுந்திருக்கிறது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
'எண்ணைச் சரியா எழுதுனியா' என்று மட்டும்
பிளாவியாவிடம் கேட்டேன்.
திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னேன்.

மொத்தம் நூற்று முப்பத்தேழில்
நூற்று முப்பத்தொன்றில் திரை வெளுத்துப் போனது.
தட்டினேன், ஊதினேன், மாதாவைக் கூப்பிட்டேன்.
ஆறு உள்ளேயே நின்றுவிட்டது.
'பரவால்ல, வலை கிழியுறப்ப
அதுவே ஞாபகப்படுத்தும்' என்று படுக்கப் போனார்.

அறுபது ரூபாய்க் காற்றாடி
இப்போது சுற்றுகிற வேகத்துக்கு
நோட்டு தாளாகப் புரண்டு
வேதியியல் பக்கம் போய்விடுகிறது.
செத்த பெட்டியை எடுத்து
அதன் மேல் வைத்தேன்,
கனத்துக்கு.